இடப்பக்கம் பட்டன் வைத்த சட்டை

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. அம்மா சுகம், என் பெண் சுகம், உன் அத்தான் லாரியோடு எங்கேயோ சுகம். நான் மட்டும் கொதித்துப்போய் இருக்கிறேன். போனிலேயே கொட்டித் தீர்த்திருப்பேன். உன் போன் உன் ஆபீஸ் கொடுத்தது, எழுதுவதை எல்லாம் அவர்கள் பார்க்கலாம் என்று நீதான் சொன்னாய். அதனால் காகிதத்தையும் பேனாவையும் எடுத்திருக்கிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. அம்மாவுக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மழை விட்டதும் ஆபரேஷன். அதற்குள் பாதிப் பார்வையிலேயே தெரு வம்பு முழுவதையும் பார்த்துவிடுகிறாள். கண்ணாடி ஆபீசில் கழுத்தில் அட்டை தொங்க நீ நிற்கும் போட்டோவைத் தண்ணீர் லாரிக்காரர் வரைக்கும் காட்டியாகிவிட்டது. என் பெண் நர்சிங் இரண்டாம் வருஷம் போய்விட்டாள். சித்தி மாதிரி நானும் வெளிநாடு போவேன் என்கிறாள். முதலில் படுத்த பாயைச் சுருட்டக் கற்றுக்கொள் என்றேன்.

இனி கம்பெனி விஷயம். நீ இருக்கும் நாட்டுக்கும் நமக்கும் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தான அன்று மேனேஜர் எங்களை மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசினார். இனி வேலை கொட்டும், பெண்களுக்குத்தான் முதல் பலன் என்றார். ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலம் கிடைத்தது. வாசலில் பெரிய பலகை வைத்தார்கள். அதில் எங்கள் மூன்றாம் லைன் படம். நான், பட்டன் துளை போடும் காஜா மெஷின்காரி, மற்றவர்கள் எல்லோரும் குனிந்து தைத்தபடி பல் தெரியச் சிரிக்கிறோம். தைக்கும்போது யாராவது சிரிப்பார்களா? ஊசி விரலில் ஏறிவிடும். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தோம்.

பிஸ்கட் செரிப்பதற்குள் விஷயம் வெளியே வந்தது. ஆண்கள் சட்டையை உங்கள் ஊரில் இறக்க இனி வரியே இல்லையாம். பெண்கள் சட்டைக்குப் பழைய வரி அப்படியே நிற்கிறதாம். அதே துணி, அதே நூல், அதே கை. போட்டுக்கொள்கிறவள் பெண் என்றால் மட்டும் தண்டம் கட்டவேண்டும். யார் உட்கார்ந்து எழுதினார்கள் இதை? அந்த அறையில் ஒரு பெண்கூட இல்லையா? இல்லை, இருந்தவளை டீ கொண்டுவர அனுப்பிவிட்டார்களா?

அதனால் சட்டை வாங்கும் பையர்கள், உங்கள் ஆபீஸ் உள்பட, எல்லோரும் பெண்கள் சட்டையைக் குறைத்துவிட்டு ஆண்கள் சட்டை கேட்கிறார்கள். சரி, அதையும் தைத்துவிட்டுப் போகிறோம், நமக்கென்ன என்று நினைத்தேன். மேனேஜர் வேறு கணக்குப் போட்டிருக்கிறார். ஆண்கள் சட்டைக்கு விறைப்பான காலர், மணிக்கட்டில் கனமான கஃப். அதற்கு ஆண் டெய்லர்கள்தான் சரி என்று வெளியிலிருந்து ஆள் பிடிக்கிறார். எங்களைப் பிசிறு வெட்டப் போகச் சொல்கிறார். முதல் தர டெய்லர் என்று பேரெடுத்தவர்கள் கையில் கத்தரியைக் கொடுத்து, தொங்குகிற நூலை நறுக்கிக்கொண்டு உட்கார் என்றால் எப்படி இருக்கும்? ஹெல்பர் சம்பளம், ஹெல்பர் மரியாதை. ஆண்பிள்ளை போடும் சட்டையை ஆண்பிள்ளைதான் தைக்கவேண்டுமாம். "அப்ப இத்தனை வருஷம் ஆம்பளைங்க தின்ன சோத்த யாரு வடிச்சது?" என்று காஜாக்காரி கேட்டாள். மேனேஜருக்கு அந்த நேரம் பார்த்துக் காது கேட்கவில்லை.

நான் விடவில்லை. அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். ஒரே ஒரு ஆர்டர் கொடுங்கள், காலரும் கஃப்பும் எங்கள் லைனே தைக்கட்டும், சரியில்லை என்று திரும்பி வந்தால் நாங்களே கத்தரியை எடுத்துக்கொள்கிறோம் என்றேன். மோவாயைச் சொறிந்துகொண்டு யோசித்துவிட்டு உங்கள் ஆபீஸ் ஆர்டரையே கொடுத்திருக்கிறார். எங்கள் லைன் நிற்பதும் விழுவதும் இனி இதில்தான் இருக்கிறது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய சாம்பிளில் தப்பு இருக்கிறது. சீட்டில் ஆண்கள் சட்டை என்று போட்டிருக்கிறது. பட்டனும் ஆண்கள் சட்டைக்கு வைக்கிற மாதிரி வலப்பக்கம் இருக்கிறது. ஆனால் அளவு ஆண் அளவு இல்லை. தோள் குறுகல், கைக்குழி சின்னது, கீழே வரவர அகலம். தொளதொள சட்டை என்பதால் ஹேங்கரில் தொங்கவிட்டுப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. தைக்கிறவர்களுக்குத் தெரியாமல் போகுமா? காஜாக்காரி சாப்பாட்டு நேரத்தில் அதை மாட்டிக்கொண்டு இடுப்பில் கைவைத்து நடந்து காட்டினாள். அவளுக்கென்றே அளவெடுத்தது போல இருந்தது. பெண்கள் சட்டை என்றால் பட்டன் இடப்பக்கம் அல்லவா வரவேண்டும்?

புதிதாக வந்திருக்கும் புரொடக்‌ஷன்காரரிடம் கேட்டேன். "உங்க தங்கச்சி ஆபீஸ்தானே, நீங்களே கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கேட்டுவிட்டேன். பட்டன் எந்தப் பக்கம்? துணி வெட்டுவதற்குள் சொல்லிவிடு. அங்கே குளிர் அதிகம் என்றாய். காதை மூடிக்கொண்டு போ. வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
மூன்றாம் லைன் சூப்பர்வைசர், அதற்கும் முன்னால் உன் அக்கா

*

அன்புள்ள சின்னவளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதில் அம்மாவுக்குப் பாதி நோய் போய்விட்டது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. நீ ரொம்ப நேரம் பேசினாய். கண்ணுக்கு என்ன சொட்டு மருந்து, தலைக்குக் குளிக்கலாமா, வீட்டுக் கூரை ஒழுகுகிறதா, என் பெண்ணுக்கு என்ன மார்க் என்று எல்லாம் கேட்டாய். கடிதம் வந்ததா என்று கேட்டேன். வந்தது, முழுக்கப் படித்தேன் என்றாய். பட்டன் என்று நான் வாயெடுத்ததும், பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள் அக்கா என்று வைத்துவிட்டாய். ஒரு பட்டன் என்ன ராணுவ ரகசியமா? நான் கேட்டது என்ன ஆயிற்று என்று மறுநாள் மெசேஜ் போட்டேன். நீ பார்த்துவிட்டதாகக் காட்டியது. பதில் மட்டும் இல்லை. பெரிய ஆபீசுக்குப் போனால் அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூட வாய் வலிக்குமா?

துணி வெட்டும் நாள் வந்துவிட்டது. கட்டிங் மேசையைச் சுற்றி நின்று பேசினோம். "தப்புன்னு தெரிஞ்சும் தைச்சா அது தைச்சவ தப்பு" என்றாள் காஜாக்காரி. இது யார் சொன்னது என்று உனக்குத் தெரியும். இங்கே செக்கிங் மேசையில் இருந்தபோது நீ சொன்னது. பாக்கெட் கோணலாக வந்த ஒரு சாம்பிளை நீ கண்டுபிடித்துத் திருத்திக் கொடுத்தாய். அதில்தான் பையர் கண்ணில் பட்டாய், விமானமும் ஏறினாய். அன்றிலிருந்து சாம்பிளில் தப்புக் கண்டுபிடிப்பது எங்கள் லைனுக்கு ஒரு கௌரவம். புதிதாகச் சேர்கிறவளுக்கு உன் கதையைச் சொல்லித்தான் வேலை பழக்குகிறோம்.

தங்கையிடம் கேட்டுவிட்டேன், வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நான்தான் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பட்டனை இடப்பக்கம் மாற்றித் தைத்தோம்.

காலரைச் சொல்லவேண்டும். இரண்டு முனையும் ஒன்றுபோல, கத்தி மாதிரி வந்தது. மேனேஜர் பிடித்துவந்த ஆண் டெய்லர்கள் ஏற்கெனவே வந்துவிட்டார்கள். வேலை இல்லாமல் சுவரோரம் உட்கார்ந்து எங்கள் மெஷின்களைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் எழுந்துவந்து காலரைத் தடவிப் பார்த்துவிட்டு, இது யார் தைத்தது என்றார். மூலையில் இருந்த ஒல்லிக்குச்சிப் பெண்ணைக் காட்டினேன். நம்பாமல் அவளுடைய கையைப் பார்த்தார். எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

உங்கள் ஆபீஸ் அனுப்பிய இன்ஸ்பெக்டர் குளிர் அறையில் உட்கார்ந்து நீளம் அகலம் அளந்தார், கறை இருக்கிறதா என்று பார்த்தார், கையெழுத்துப் போட்டுவிட்டுக் காரில் ஏறினார். பட்டனை அவர் கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை. திருத்தியதைப் பார்த்து நீயே பாராட்டி எழுதுவாய் என்று விட்டுவிட்டோம். கன்டெய்னர் போயாயிற்று. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, பரவாயில்லையே என்றார். அவர் வாயில் அது வருவதற்கு நாங்கள் எத்தனை நாள் முதுகொடிய உழைத்தோம் தெரியுமா? ஆண்பிள்ளை சட்டையோ பெண்பிள்ளை சட்டையோ, இனி எங்களை யாரும் அந்த மெஷினிலிருந்து எழுப்ப முடியாது. எழுப்பட்டும் பார்க்கிறேன்.

அம்மா ஆபரேஷனுக்குப் பயப்படவில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு ராத்திரி என் கையைப் பிடித்துக்கொண்டு படுக்கிறாள். அடிக்கடி பேசு. அக்காவுக்கும் பதில் போடு, குறைந்துபோக மாட்டாய்.

கோபமும் பாசமுமாக,
அக்கா

*

தங்கைக்கு,

அன்புள்ள என்று எழுதத் தொடங்கினேன், கை நின்றுவிட்டது. இப்படியே படி.

அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டும் பிரித்தாயிற்று. இதைத் தவிர நல்ல சேதி எதுவும் இல்லை.

கன்டெய்னர் உங்கள் துறைமுகத்தில் மாட்டிக்கொண்ட கதை உனக்குத் தெரியும். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. ஒரு சுங்க அதிகாரி ஏதோ ஒரு பெட்டியைத் திறந்தாராம். காகிதத்தில் ஆண்கள் சட்டை என்று இருக்கிறது, பட்டன் பெண்கள் பக்கம் இருக்கிறது. அவ்வளவுதான், மொத்தச் சரக்கையும் நிறுத்தி, பெண்கள் சட்டைக்கான வரியைப் போட்டு, பொய் சொன்னதற்கு அபராதமும் போட்டுவிட்டார்கள். பட்டன் வலப்பக்கம் இருந்து இடது பக்கத் துணி மேலே வந்தால் ஆண், வலது பக்கத் துணி மேலே வந்தால் பெண் என்று அங்கே சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்களாமே! எதுவென்று தெரியாவிட்டால் பெண்கள் சட்டை என்றே வைத்துக்கொள்வார்களாம். வைத்துக்கொள்ள மாட்டார்களா பின்னே? கறக்கிற மாட்டைத்தானே கறப்பார்கள்.

ஆக, அந்தச் சாம்பிளில் தப்பே இல்லை. பெண்களுக்கென்று அளவெடுத்து, பெண்களுக்கு விற்கப்போகிற சட்டைக்குத் துறைமுகத்தைத் தாண்டுகிற வரைக்கும் மீசை ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். அநியாய வரியை ஏமாற்றினார்கள் என்று எனக்கு வருத்தமில்லை. அந்த வரி நாசமாய்ப் போகட்டும். ஆனால் அது உனக்குத் தெரியும். தெரிந்துதான் நான் கேட்டபோதெல்லாம் வாயை மூடிக்கொண்டாய். வலப்பக்கமே வை என்று எழுதினால் அது பெண்கள் சட்டை என்று நீயே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், இல்லையா? எழுத வேண்டாம். அம்மாவிடம் அவ்வளவு நேரம் சொட்டு மருந்து பேசினாயே, நடுவில் ஒரு வரி, அக்கா, கேள்வி கேட்காதே, சாம்பிள் மாதிரியே தைத்துவிடு என்று சொல்லியிருந்தால் தைத்திருப்பேனே. திட்டிக்கொண்டே தைத்திருப்பேன்.

சரி, பயந்துவிட்டாய் என்று வைத்துக்கொள்கிறேன். பயப்படுகிறவள் கையெழுத்து ஏன் போட்டாய்?

கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். மேனேஜர், கம்பெனி வக்கீல், அந்தப் புரொடக்‌ஷன்காரர். எனக்கு உட்கார நாற்காலி போடவில்லை. உங்கள் ஆபீசிலிருந்து வந்த அறிக்கையை வக்கீல் படித்தார். தொழிற்சாலைப் பெண்கள் சாம்பிளைப் புரிந்துகொள்ளாமல், யாரையும் கேட்காமல், தாங்களாகவே பட்டனை மாற்றிவிட்டார்கள் என்று இருந்தது. படித்துவிட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார். கீழே உன் கையெழுத்து. புரிந்துகொள்ளாமலாம்! புரிந்துகொண்டதுதானடி நாங்கள் செய்த குற்றம்.

மாற்றுவதற்கு முன் யாரையாவது கேட்டாயா என்று மேனேஜர் கேட்டார். புரொடக்‌ஷன்காரர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உன் கழுத்து அட்டைதான் கண்முன் வந்தது. உன் பேரைச் சொன்னால் அந்த அட்டையைப் பிடுங்கி உன்னை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அம்மாவுக்கு இன்னொரு கண் பாக்கி இருக்கிறது, அதற்கும் உன் பணம்தான் வரவேண்டும். இல்லை, யாரையும் கேட்கவில்லை, நானாகத்தான் மாற்றச் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். என் வாயால் சொன்னேன்.

ஜன்னலுக்கு வெளியே எங்கள் லைன் முழுவதும் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் காஜாக்காரி என் முன்னால் வந்து நின்றாள். "எங்ககிட்ட தங்கச்சியக் கேட்டுட்டேன்னு சொன்னியேக்கா, அங்க ஏன் இல்லன்னே?" என்றாள். நான் பஸ் வருகிற பக்கம் பார்த்தேன். "உனக்கு அவ தங்கச்சி. அப்ப நாங்க யாரு?" என்று கேட்டாள். பஸ் வந்தது. நான் ஏறினேன். அவள் ஏறாமல் அடுத்த பஸ்சுக்கு நின்றுவிட்டாள். இத்தனை வருஷம் ஒரே சீட்டில் இடித்துக்கொண்டு போனவர்கள் நாங்கள்.

மூன்றாம் லைனைக் கலைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை ஆண் டெய்லர்கள் எங்கள் மெஷின்களில் உட்கார்ந்தார்கள். கழிவுத் துணியை அடைத்து எங்கள் கையால் தைத்து ஸ்டூலில் போட்டிருந்த திண்டுகளை எல்லாம் மூலையில் வீசியிருக்கிறார்கள் என்று கேள்வி. எனக்கு உள்ளே போக அனுமதி இல்லை, சஸ்பெண்ட். பாதிப் பேர் தலைகுனிந்து பிசிறு வெட்டப் போய்விட்டார்கள். மீதிப் பேர் வீட்டு வேலைக்கும் ஓட்டலில் பாத்திரம் துலக்கவும் போகிறார்கள். அந்த ஒல்லிக்குச்சிப் பெண் துலக்குகிறாள். ஆண் டெய்லர் எழுந்துவந்து பார்த்த அந்தக் கை! காஜாக்காரி, கத்தரியைத் தொடமாட்டேன் என்று வீட்டில் இருக்கிறாள்.

எனக்கு வயிறு எரிவது எதற்குத் தெரியுமா? ஒரு காலர்கூடச் சரியில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஒரு கஃப்பில்கூடக் குறையில்லை. ஆனால் பக்கத்துக் கம்பெனி வரைக்கும் பேச்சு என்ன? பெண்களிடம் ஆண்கள் சட்டையைக் கொடுத்தார்கள், கெடுத்துவிட்டார்கள். இனி எந்தக் கம்பெனியிலும் ஒருத்தியும் காலர் கேட்டு மேனேஜர் மேசைக்கு முன்னால் போய் நிற்க முடியாது. மூன்றாம் லைனைத் தெரியுமில்லையா என்பார்கள். அந்த ஒப்பந்தத்தில் பெண்களுக்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது அக்கா என்று நீ பெருமையாகச் சொன்னாயே, அதில் எங்கே இருக்கிறோம் நாங்கள்? பலகையில் இருக்கிறோம். இன்னும் கழற்றவில்லை, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம்.

அக்காவைக் கொஞ்ச நாள் பொறுமையாக இருக்கச் சொல்லும்மா, எல்லாம் சரியாகிவிடும் என்று அம்மாவிடம் சொன்னாயாம். பொறுமையை நீ எனக்குக் கற்றுத்தர வேண்டாம். என் பெண்ணை அங்கே அழைத்துக்கொண்டு படிக்க வைக்கிறேன் என்றும் சொன்னாயாம். விலை பேசுகிறாயா? அவள் காதில் இன்னும் போடவில்லை. போட்டால் குதிப்பாள், பிறகு அவளுக்காகவும் நான் வாயை மூடவேண்டி வரும். அது உனக்கும் தெரியும்.

இப்போது கேள். எங்கள் லைன் பெண்கள் எல்லோரும் சேர்ந்து தொழிலாளர் அதிகாரியிடம் மனுக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் முதல் வாரம் விசாரணை. யாரையும் கேட்காமல் செய்தார்கள் என்பதுதான் கம்பெனியின் ஒரே பிடி. கேட்டோம், பதில் வரவில்லை என்று ஆனால் லைனைக் கலைத்தது செல்லாது, மெஷினைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று பெண்கள் வைத்திருக்கும் வக்கீல் சொல்கிறார். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். காஜாக்காரி வீட்டுக்குப் போய், இந்தத் தடவை உண்மையைச் சொல்வேன் என்றேன். கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே "பாப்போம்" என்றாள்.

சொல்லத்தான் போகிறேன். கடிதத்தில் கேட்டதை, மெசேஜில் கேட்டதை, நீ போனை வைத்ததை எல்லாம் சொல்வேன். உன் வேலை போகும். அம்மா என்னை மன்னிக்கமாட்டாள். நீயும் மன்னிக்கமாட்டாய். தெரிந்தேதான் எழுதுகிறேன். ஆனால் அதே உண்மை உன் வாயிலிருந்து, உன் கையெழுத்தோடு, எனக்கு முன்னால் வந்துவிட்டால் நான் தங்கையைக் காட்டிக்கொடுத்தவளாக இருக்கவேண்டாம். வேலை போனால் போகட்டும், வீட்டுக்கு வா. ஒரு தட்டில் இருப்பதை இரண்டு பேரும் தின்போம். அந்த ஒல்லிக்குச்சிப் பெண்ணுக்கு அப்படி வீட்டுக்கு வா என்று சொல்ல ஆள் இல்லை.

உன் கையெழுத்தைப் பற்றி அம்மாவுக்கு எதுவும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து புதுக் கண்ணால் எட்டிப் பார்க்கிறாள். நல்லவேளை, கிட்டத்து எழுத்து இன்னும் தெளியவில்லை. "என்னடி இவ்வளவு நீளமா எழுதற, நான் ஆசீர்வாதம் சொன்னேன்னு எழுது" என்கிறாள். எழுதிவிட்டேன். நல்லா இரு, நோய்நொடி இல்லாமல் இரு. இது அம்மா சொன்னது.

நான் சொல்லவேண்டியதை இன்னும் எழுதவில்லை. உன் பதில் வந்த பிறகு எழுதுகிறேன். வாயைத் திற, சின்னவளே. அத்தனை பேர் நடுவில் என்னை உன் பேரைச் சொல்ல வைத்துவிடாதே.

உன் அக்கா